ஒரே தொண்டை, இரண்டு வேலை: பெங்களூரில் கச்சேரியும் பாட்டு வகுப்பும் சேர்த்து நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

5 கட்டை சுருதியில் (கட்டை என்பது பாடகர் தம் ஆதார சுருதியைச் சொல்லும் அளவு) ஒரு பெண் ஷட்ஜத்தை, அதாவது "ஸ" ஸ்வரத்தைப் பிடித்து நிற்கும்போது அவளுடைய குரல்நாண்கள் விநாடிக்கு ஏறத்தாழ 196 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. மேல் ஷட்ஜத்துக்குப் போனால் அது 392 ஆகிவிடும். மேலே போகாமல் ஷட்ஜத்திலேயே 20 நிமிடம் நின்றாலும் மோதல்களின் எண்ணிக்கை 2 லட்சத்து 35 ஆயிரம். ஒரு மணி நேர வகுப்பில் ஆசிரியர் பாடிக்காட்டும் நேரம் சுலபமாக 20 நிமிடத்தைத் தொடும். மாலையில் அடுத்தடுத்து 5 வகுப்பு எடுப்பவர் ஒரே நாளில் 11 லட்சம் மோதல்களைத் தாண்டிவிடுகிறார். அதற்குப் பிறகுதான் தம் சொந்தச் சாதகத்துக்கு, அதாவது பயிற்சிக்கு, உட்காருகிறார்.

இந்தக் கணக்கை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு ராமநவமிப் பந்தல். பதினைந்து ஆண்டுகளுக்கு முன், பெங்களூரின் தென்பகுதியில் ஒரு கோயில் கச்சேரி. முந்தைய நாள் என் மாணவிகளுக்குப் போட்டி இருந்ததால் காலை முதல் இரவு வரை சொல்லிக்கொடுத்திருந்தேன். கச்சேரியில் கல்யாணி ஆலாபனையில் மேல் காந்தாரத்துக்கு ஏறியபோது குரல் வரவில்லை, வெறும் காற்று வந்தது. வயலின் வாசித்த பெரியவர் அந்த இடத்தைத் தம் வில்லில் வாங்கிக்கொண்டு என்னைக் கீழே இறக்கிக் காப்பாற்றினார். மங்களம் பாடி முடித்து, பானகம் குடித்துக்கொண்டிருந்தபோது மிருதங்கக்காரர் கேட்டார்: "நேற்று எத்தனை வகுப்பு எடுத்தீர்கள், அம்மா?" எவ்வளவு சாதகம் செய்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை.

பாடகராகவும் ஆசிரியராகவும் வாழ விரும்புகிற இளையவர்கள் என்னிடம் யோசனை கேட்டு வரும்போது, சபா எப்படிக் கிடைக்கும், மாணவர்கள் எப்படிக் கிடைப்பார்கள் என்றுதான் கேட்கிறார்கள். இரண்டும் இந்த ஊரில் கிடைக்கும். கச்சேரியும் வகுப்பும் ஒரே தொண்டையிலிருந்துதான் செலவாகின்றன என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. ஆகவே இந்த வழிகாட்டியைத் தொண்டையிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் படி: ஒரு வாரக் குரல் கணக்கு

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஏழு நாள், நாளுக்கு நான்கு எண்கள்: சாதகம் எத்தனை நிமிடம், வகுப்பில் பாடியது எத்தனை நிமிடம், வகுப்பில் பேசியது எத்தனை நிமிடம், மற்ற பேச்சு எவ்வளவு. கடைசி எண்ணை அலட்சியம் செய்யாதீர்கள். ஆட்டோக்காரரிடம் வழி சொல்வது, கூட்டமான தர்ஷினியில் (நின்றபடி சாப்பிடும் சிற்றுண்டிக் கடையில்) பேசுவது, கல்யாண மண்டபத்தில் நாகஸ்வரத்துக்கு மேல் குரலை உயர்த்துவது எல்லாம் அதில் அடங்கும். சுற்றிலும் சத்தம் கூடினால் நம்மை அறியாமலே குரலும் கூடும். பாட்டில் வரும் களைப்பைப் பாடகர் உணர்ந்துவிடுவார். பேச்சில் வரும் களைப்பு மறுநாள் காலையில்தான் தெரியும்.

எழுதிப் பார்த்தால் பெரும்பாலோருக்கு ஓர் உண்மை புலப்படும். தாம் பாடகர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், ஆனால் குரலின் முக்கால் பங்கு வகுப்பறைக்குப் போகிறது. அப்படிப் போவதில் தவறில்லை. தெரியாமல் போவதுதான் தவறு.

கணக்கு கையில் வந்தபின் வாரத்தைத் திருத்தி அமையுங்கள். என் வாரம் இப்படி: சாதகம் காலை 7 மணிக்கு, வகுப்புகளுக்கு முன்னால், குரல் புதிதாக இருக்கும்போது. வகுப்புகள் நான்கு நாள் மட்டும். ஒரு நாளில் மூன்றுக்கு மேல் இல்லை. இரண்டு வகுப்புகளுக்கு நடுவே 20 நிமிடம் பேசாமல் இருப்பேன். புதன்கிழமை மௌனம். கச்சேரிக்கு முந்தைய இரண்டு நாளும் வகுப்பு கிடையாது. இதைச் சேர்க்கும் நாளிலேயே பெற்றோரிடம் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் முகம் சுளித்தவர்கள் உண்டு. இரண்டு குடும்பங்கள் வேறு ஆசிரியரைத் தேடிப் போனார்கள். இருந்தவர்கள் நீண்ட காலம் இருந்தார்கள்.

இரண்டாம் படி: உங்கள் சுருதி, மாணவர் சுருதி

சுருதி என்பது கௌரவப் பிரச்சினை அல்ல. மந்தர பஞ்சமம் தெளிவாகக் கேட்க வேண்டும், மேல் பஞ்சமத்தில் கழுத்து நரம்பு புடைக்காமல் கார்வை (ஸ்வரத்தை நீட்டிப் பிடிப்பது) நிற்க வேண்டும். இரண்டும் ஒரு சுருதியில் கைகூடினால் அதுதான் உங்கள் சுருதி. சந்தேகம் வந்தால் அரைக் கட்டை கீழேயே இருங்கள். கச்சேரி நாளின் பதற்றம் குரலை எப்படியும் மேலே இழுக்கும்.

வகுப்புக்கு வரும்போது சிக்கல் தொடங்குகிறது. ஆசிரியர்களின் தொண்டை கெடுவதற்கு நான் கண்டவரை முதல் காரணம் அதிகம் பாடுவது அல்ல, மற்றவர் சுருதியில் பாடுவது. 5 கட்டையில் பாடும் ஒரு பெண், 1 கட்டையில் பாடும் ஆண் மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அவருடைய ஷட்ஜத்துக்கே இறங்கினால் மந்தர (கீழ்) ஸ்தாயி கைக்கு எட்டாது. ஒரு ஸ்தாயி மேலே ஏற்றிப் பாடினால் மேல் பஞ்சமம் தொண்டையைக் கிழிக்கும். பெண் பிள்ளைகளுக்கு ஐந்தரைக் கட்டையில் சொல்லிக்கொடுக்கும் ஆண் ஆசிரியர்களின் நிலைமையும் இதேதான்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, நீங்கள் உங்கள் சுருதியில் ஒரு சங்கதியை (பாட்டு வரியின் ஒரு வடிவத்தை) பாடிக்காட்டுங்கள். சுருதிப் பெட்டியை மாற்றுங்கள். மாணவர் தம் சுருதியில் அதைத் திரும்பப் பாடட்டும். நேரம் பிடிக்கும், ஆனால் ஸ்வர ஸ்தானத்தை அவர் காதால் கண்டுபிடிக்கப் பழகுவார். குரலைப் பார்த்துக் காப்பியடிக்கும் பழக்கம் வராது. இரண்டாவது வழி நம் சம்பிரதாயத்துக்குள்ளேயே இருக்கிறது. 5 கட்டையின் மத்தியமம்தான் 1 கட்டையின் ஷட்ஜம். அதனால் மத்தியம சுருதியில் பாடும் உருப்படிகளை, அதாவது மேல் ஸ்தாயியில் அதிகம் திரியாத பாட்டுகளை, ஆண் மாணவர்களுக்குத் தேர்ந்தெடுத்தால் இருவரும் சேர்ந்தே பாடலாம்.

பிள்ளைகளைச் சுருதிவாரியாகப் பிரித்து நாள் ஒதுக்குங்கள். வயதுவாரியாகப் பிரிப்பதைவிட இது உங்கள் தொண்டைக்கு நல்லது.

ஒன்று சொல்ல வேண்டும். 12 வயதிலிருந்து 15 வயதுக்குள் ஆண் பிள்ளைகளுக்குக் குரல் உடையும். ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கும். அந்த மாதங்களில் "குரல் போய்விட்டது" என்று வகுப்பை நிறுத்திவிடும் பெற்றோர் அதிகம். நிறுத்தவிடாதீர்கள். வீச்சைக் குறைத்து, ஐந்தாறு ஸ்வரத்துக்குள் பாடவைத்து, மீதி நேரத்தில் தாளம், ஸ்வரம் எழுதுவது, ராக லட்சணம் என்று கொண்டுபோங்கள். இந்தக் காலத்தைப் பொறுமையோடு கடந்த பையன்கள் பின்னால் மிக நன்றாகப் பாடுகிறார்கள். நாம் இழந்த நல்ல குரல்களில் பாதி இந்த வயதில் இழந்தவை என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

மூன்றாம் படி: பாடாந்தரமும் கன்னட நாக்கும்

இரண்டு மணி நேரக் கச்சேரிகள் ஐந்தை, ஓர் உருப்படிகூடத் திரும்ப வராமல், பாட முடிகிற அளவு பாடாந்தரம் (கற்றுக் கைவசம் வைத்திருக்கும் பாட்டுகள்) இருந்தால் மேடை தேடத் தொடங்கலாம். அதற்குமுன் தேடினால் ஒரே சபையில் இரண்டாம் முறை வாய்ப்பு வரும்போது திண்டாட்டமாகிவிடும்.

தமிழர்களுக்குப் பெங்களூர் ஒரு கூடுதல் கடமையைத் தருகிறது. இங்கே எந்தக் கச்சேரியிலும் தேவர்நாமா (ஹரிதாசர்களின் கன்னடப் பக்திப் பாட்டு) இல்லாமல் எழுந்துவிட முடியாது, எழுந்துவிடவும் கூடாது. நாம் பிள்ளைகளுக்கு முதன்முதலாகச் சொல்லிக்கொடுக்கும் மாயாமாளவகௌளை வரிசைகளையும் மலஹரி கீதங்களையும் வகுத்துத் தந்தவராகப் போற்றப்படும் புரந்தரதாசர் பாடிய மொழி கன்னடம். அதைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடும்போது நம் நாக்கு காட்டிக்கொடுத்துவிடுகிறது. "பாக்யத லக்ஷ்மி பாரம்மா" என்பதில் முதல் பாவும் இரண்டாம் பாவும் ஒன்றல்ல. முதலாவது கன்னட ப வரிசையின் நான்காம் பகரம் (bha), மூச்சோடு வருவது. இரண்டாவது மூன்றாம் பகரம் (ba). முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மல்லேஸ்வரத்துப் பெரியவர்களுக்கு அது முதல் வரியிலேயே தெரியும்.

நம் கீர்த்தனைப் புத்தகங்களில் எழுத்துக்கு மேல் 2, 3, 4 என்று எண் போடும் வழக்கம் இருக்கிறதே, அதை உங்கள் நோட்டிலும் விடாமல் செய்யுங்கள். அதைவிட மேலான வழி கன்னட எழுத்தைக் கற்பது. மூன்று மாதத்தில் வந்துவிடும். நான் முப்பது வயதில் கற்றேன், என் மாணவியின் பாட்டி கற்றுக்கொடுத்தார். அதற்குப் பிறகு தேவர்நாமா பாடும்போது எனக்குள் ஒரு தயக்கம் விலகியது. பொருள் தெரிந்து பாடினால் நிரவலே (ஒரு வரியைப் பல விதமாக விரித்துப் பாடுவது) வேறாகிவிடுகிறது.

தமிழ்ப் பாட்டையும் விட்டுவிடாதீர்கள். அல்சூர் ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. மார்கழியில் திருப்பாவை கேட்க ஏங்கும் வீடுகளும் கோயில்களும் இருக்கின்றன. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மெட்டமைத்த திருப்பாவை முப்பதும் தெரிந்திருந்தால் அந்த ஒரு மாதம் உங்களுக்குச் சும்மா போகாது.

நான்காம் படி: மேடைக்கு வழி

இந்த ஊரின் பெரிய பருவம் மார்கழி அல்ல, ராமநவமி. எஸ். வி. நாராயணசுவாமி ராவ் 1939-இல் தொடங்கிய ஸ்ரீ ராமசேவா மண்டலி பல பத்தாண்டுகளாகச் சாமராஜப்பேட்டை கோட்டை உயர்நிலைப்பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டு நடத்திய கச்சேரிகள் அதற்கு அடையாளம். அந்தப் பந்தலில் இடம் கிடைக்க ஆண்டுகள் ஆகலாம். ஆனால் அதே நாட்களில் பேட்டைக்குப் பேட்டை, கோயிலுக்குக் கோயில் சின்னப் பந்தல்கள் எழுகின்றன. பானகமும் நீர்மோரும் கோசம்பரியும் கொடுக்கும் அந்தப் பந்தல்களில்தான் நம் தொழில் தொடங்குகிறது. விநாயக சதுர்த்தி, நவராத்திரி, புரந்தரதாசர் ஆராதனை, தியாகராஜ ஆராதனை ஆகியவை அடுத்த வாசல்கள்.

சபைகளைப் பொறுத்தவரை, 1905-இல் தொடங்கிய பெங்களூர் காயன சமாஜம் போன்ற பழைய அமைப்புகளுக்கு ஒலிப்பதிவோடு விண்ணப்பிக்கும்முன் ஓராண்டு அங்கே ரசிகராகப் போய் உட்காருங்கள். இதை உபசாரத்துக்குச் சொல்லவில்லை. எந்த நேரத்தில் யார் வருகிறார்கள், எந்த ராகம் அடிக்கடி ஒலிக்கிறது, ஒலிபெருக்கி எப்படி, எப்போது எழுந்து போகிறார்கள் என்பது அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும். அனுப்பும் ஒலிப்பதிவு 12 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒரு ராக ஆலாபனை, கிருதியின் ஒரு பகுதி, நிரவல், சில ஆவர்த்தனம் ஸ்வரம். எதிரொலி சேர்த்து மெருகேற்றாத பதிவு. கேட்பவர் முதல் இரண்டு நிமிடத்தில் சுருதியைத்தான் கவனிக்கிறார்.

ஆகாசவாணியின் பாட்டுத் தேர்வுக்குப் போங்கள். பி, பி-ஹை, ஏ, டாப் என்று நான்கு தரங்கள். வானொலியை யார் கேட்கிறார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. தரம் கிடைத்தால் கோயில் அறக்கட்டளையும் அரசு விழாக்களும் உங்கள் பெயரைத் தனியாகப் பார்க்கும். அதற்கும் மேலாக, குறித்த நேரத்துக்குள் ஒரு ராகத்தைத் தொடங்கி வளர்த்து முடிக்கும் ஒழுங்கு வரும். ருத்ரபட்டணத்தில் பிறந்த ஆர். கே. ஸ்ரீகண்டன் வானொலியில் பணியாற்றிக்கொண்டே கச்சேரி செய்தார், தலைமுறை தலைமுறையாகச் சொல்லியும் கொடுத்தார். 2014-இல் 94 வயதில் மறையும்வரை அவருடைய குரல் தளரவில்லை என்பதை இந்த ஊர் கண்டது. இரண்டு வேலையும் ஒரே ஆயுளில் கைகூடும் என்பதற்கு அவரைவிட எனக்கு வேறு சாட்சி தேவைப்பட்டதில்லை.

18 முதல் 25 வயதுக்குள் இருப்பவர்கள் மத்திய கலாசார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். கர்நாடக அரசின் ஜூனியர், சீனியர், வித்வத் தேர்வுகளை நீங்களும் முடித்துவிடுங்கள். மாணவர்கள் அவற்றுக்காகத்தான் உங்களிடம் பாதிப் பேர் வருவார்கள்.

பக்கவாத்தியக்காரர்களிடம் நடந்துகொள்ளும் முறை தனியாகச் சொல்லத் தக்கது. கச்சேரி உறுதியான அன்றே சுருதியைச் சொல்லிவிடுங்கள். உயர்ந்த சுருதிக்கும் தாழ்ந்த சுருதிக்கும் மிருதங்கம் வேறு. கடைசி நேரத்தில் அரைக் கட்டை மாற்றினேன் என்றால் அவர் வாத்தியத்தோடு போராடிக்கொண்டு வாசிப்பார். சன்மானத்தை முன்கூட்டியே பேசி, கச்சேரி முடிந்த அன்றே உறையில் போட்டுக் கொடுங்கள். சபை உங்களுக்குப் பின்னால் தரும் என்றாலும் கொடுங்கள். வீடு திரும்ப வண்டி இருக்கிறதா என்று கேளுங்கள். விஜயநகரிலிருந்து ஜயநகர் வந்து வாசித்துவிட்டு இரவு பத்து மணிக்கு மிருதங்கத்தோடு ஆட்டோ தேடி நிற்பவரைப் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: கச்சேரியைத் தொண்டையின் பக்கமிருந்து திட்டமிடுவது

வர்ணம், சிறிய கிருதிகள், பிரதானம் (முக்கிய உருப்படி), துக்கடா (கடைசியில் வரும் சிறு பாட்டுகள்) என்னும் கச்சேரிப் பத்ததியை வகுத்ததற்காக அரியக்குடியைக் கொண்டாடுகிறோம். குரலைப் படிப்படியாகச் சூடேற்றும் அமைப்பும் அதுதான் என்பதைப் பாடுகிறவர்களே மறந்துவிடுகிறார்கள். முதல் 20 நிமிடத்தில் மேல் பஞ்சமம் வேண்டாம். வர்ணத்தை முதல் காலத்தில் நிதானமாகப் பாடினால் அதுவே பயிற்சி. பிரதான ராகத்துக்கு முன் வேகமான சிறு உருப்படி ஒன்று வைக்கும் வழக்கம் ரசிகர்களைத் தட்டி எழுப்பும். உங்களுக்கும் நீண்ட கார்வைகளிலிருந்து ஓய்வு தரும். மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் நடக்கும் 10, 12 நிமிடம் மேடையில் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே மௌனம். அப்போது தாளம் போட்டுக்கொண்டு வெதுவெதுப்பான தண்ணீர் குடியுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் பேசாதீர்கள்.

இரண்டு அடுத்தடுத்த உருப்படிகளும் மேல் ஸ்தாயியிலேயே சுற்றுபவையாக இருக்கக் கூடாது. பட்டியல் எழுதும்போது ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் உச்ச ஸ்வரத்தைக் குறித்துப் பாருங்கள். வரிசை தானாகவே மாறும்.

மேடையில் உங்கள் குரல் உங்களுக்குக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கத்துவீர்கள். உங்கள் பக்கம் திருப்பிய ஒரு சிறிய ஒலிபெருக்கியைப் பந்தல்காரரிடம் கேட்டு வாங்குங்கள், வெட்கப்படாதீர்கள். சௌடையா தம் வயலினில் ஏழு தந்தி பூட்டியதே கடைசி வரிசை வரை நாதம் எட்ட வேண்டும் என்பதற்காகத்தான். வயாலிகாவலில் வயலின் வடிவில் 1980-இல் அவர் பெயரில் எழுந்த அரங்கில் பாடும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். அவர் வாத்தியத்துக்கு மூன்று தந்தி கூட்ட முடிந்தது. நம் தொண்டைக்குள் எதையும் கூட்ட முடியாது, நமக்கு மைக்கும் ஒலிபெருக்கியும்தான் துணை.

ஆறாம் படி: குறைவாகப் பாடி நிறைய கற்பிப்பது

நல்ல ஆசிரியர் நிறையப் பாடிக்காட்டுவார் என்று வளர்ந்தவள் நான். என் குருவிடம் தினமும் கேட்டுக் கேட்டுத்தான் பாடம் ஏறியது. ஆனால் அவரிடம் நாங்கள் மூன்றே பேர். முப்பது மாணவர்களுக்கு அப்படிச் செய்தால் ஐந்தாண்டில் குரல் போய்விடும்.

சரளி வரிசையிலிருந்தே முறையை மாற்றுங்கள். ஒரு வரிசையை இரண்டு முறை முழுமையாகப் பாடிக்காட்டுங்கள், உங்கள் நல்ல குரலில், கச்சேரியில் பாடும் அதே அக்கறையோடு. பிறகு நிறுத்திவிடுங்கள். பிள்ளைகள் பாடும்போது கூடவே பாடாதீர்கள். கூடப் பாடும் ஆசிரியர் தொண்டையையும் இழக்கிறார், பிள்ளையின் தவறையும் கேட்காமல் விடுகிறார். தவறு கேட்டால் கையை உயர்த்துங்கள், அந்த ஸ்வரத்தின் பெயரை மட்டும் சொல்லுங்கள், பிள்ளையே சரிசெய்யட்டும். முதல் வாரம் வகுப்பு மெதுவாக நகரும். மூன்றாம் மாதத்தில் இந்தப் பிள்ளைகளின் சுருதிசுத்தத்தைக் கேட்டால் உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

மூத்த மாணவியை இளையவர்களுக்கு வரிசை சொல்லவையுங்கள். இது உங்கள் வேலையைக் குறைக்கும் தந்திரம் என்று பெற்றோர் நினைத்தால் விளக்குங்கள். சொல்லிக்கொடுக்கும்போதுதான் ஒருத்தி தான் எங்கே தடுமாறுகிறாள் என்று அறிகிறாள். நாளைக்கு அவளும் ஆசிரியை ஆவாள்.

அகார சாதகத்தை விடாதீர்கள். ஸ்வரப் பெயர்களை உச்சரித்துப் பாடும்போது மறைந்துவிடும் பிசிறு "அ" என்று திறந்து பாடும்போது வெளியே வரும். தாடையை இறுக்குகிறார்களா, முகவாயைத் தூக்கி மேல் ஸ்தாயியைப் பிடிக்கிறார்களா, தோள் ஏறுகிறதா என்று பாருங்கள். பாட்டு வகுப்பில் கண்ணுக்கும் வேலை உண்டு. கண்ணாடி ஒன்று மாட்டி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் முதலில் கூச்சப்படுவார்கள், பிறகு அதைத் தேடி முன்னால் வந்து உட்காருவார்கள்.

போட்டிக்குத் தயார் செய்வதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஆண்டுக்கு ஒரு போட்டி போதும். ஒரு கீர்த்தனையை மூன்று மாதம் மனப்பாடமாக அரைத்த பிள்ளைக்கு அடுத்த கீர்த்தனை ஏறாமல் போவதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

இணைய வகுப்பு

அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பெங்களூர் ஆசிரியர்களின் வருமானத்தில் பெரிய பங்கு. அவர்களுக்கு மாலை என்றால் நமக்கு விடியற்காலை. 6 மணி வகுப்பு என்றால் 5 மணிக்கு எழுந்து, குளித்து, கீழ் ஸ்தாயியில் 15 நிமிடம் மெல்ல முனகிச் சூடேற்றிக்கொண்டு உட்காருங்கள். எழுந்த குரலோடு நேராகப் பாடிக்காட்டுவது காலப்போக்கில் கரகரப்பாக நிலைத்துவிடும்.

இணையத்தில் ஒலி தாமதமாகச் செல்வதால் சேர்ந்து பாட முடியாது. அதை நல்லதாக எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பாடுங்கள், நிறுத்துங்கள், அவர்கள் பாடட்டும். தம்புராவும் தாளமும் அவரவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஜூமில் "ஒரிஜினல் சவுண்ட்" என்னும் அமைப்பை இருபக்கமும் போடாவிட்டால் செயலி தம்புராவை இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும், கார்வைகளையும் தின்றுவிடும். ஒவ்வொரு பாடத்தையும் ஒருமுறை நன்றாகப் பதிவுசெய்து சேமியுங்கள். இரண்டாண்டில் உங்கள் பாடாந்தரம் முழுவதும் உங்கள் சிறந்த குரலில் சேர்ந்துவிடும். களைத்திருக்கும் நாளில் பதிவு பாடட்டும், நீங்கள் திருத்துங்கள்.

தொண்டை கட்டினால்

பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் காற்று வறண்டுவிடும், அதாவது ராமநவமிக்குச் சற்று முன்னால். பார்த்தீனியமும் தூசியும் இந்த ஊரின் ஒவ்வாமைக்குப் பேர்போனவை. ஒவ்வாமை மாத்திரைகளில் பல தொண்டையைக் காயவைக்கும். பாடகர் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். தண்ணீர் நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். மேடை ஏறும்முன் ஒரு சொம்பு குடிப்பதால் அன்று பயனில்லை. ஆவி பிடிப்பது நல்லது. இரவு எட்டரைக்கு வகுப்பு முடிந்து, ஒன்பதரைக்குச் சாப்பிட்டு, பத்துக்குப் படுத்தால் அமிலம் மேலேறி காலையில் குரல் கம்மும். நம் தொழிலில் இது மிகவும் சகஜம், மிகவும் குறைவாகக் கவனிக்கப்படுவதும் இதுதான்.

கட்டிய தொண்டையோடு கிசுகிசுப்பாகப் பேசுவது ஓய்வு அல்ல, அது சிரமத்தைக் கூட்டலாம். பேசாமல் இருங்கள், எழுதிக் காட்டுங்கள். கம்மல் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், குரல்நாண்களின் அசைவைக் காட்டும் ஸ்ட்ரோபோஸ்கோபி பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். குரல்நாண்களில் முடிச்சு இருக்கிறது என்றால் கலங்காதீர்கள். அதிக மோதலால் வரும் காய்ப்பு அது. பெரும்பாலும் குரல் பயிற்சி நிபுணரிடம் சில மாதம் போய்ப் பாடும் முறையையும் பேசும் முறையையும் திருத்தினாலே அடங்கும். ஆனால் பாடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று குரல் அறுந்துபோனால் அந்தக் கணமே நிறுத்துங்கள். குரல்நாணில் இரத்தக் கசிவாக இருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள். சபைக்காரர் என்ன நினைப்பார் என்று யோசிக்காதீர்கள்.

பெண்களுக்கு ஒன்று. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் குரல் கனக்கும், மேல் ஸ்தாயி தடுமாறும். கச்சேரித் தேதி ஒப்புக்கொள்ளும்போது இதையும் நாட்காட்டியில் பாருங்கள். ஐம்பதை ஒட்டி குரல் கீழிறங்கும். நான் 48 வயதில் ஐந்தரையிலிருந்து 5-க்கு வந்தேன். அந்த முடிவைத் தள்ளிப்போட்ட ஓராண்டில் பட்ட சிரமத்தை நினைத்தால், முன்பே இறங்கியிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

பணம்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வகுப்புக் கட்டணம் மாதமாக, முன்பணமாக. கச்சேரிக்காக நீங்கள் ரத்து செய்யும் வகுப்புக்கு ஈடு உண்டு, அவர்கள் வராத வகுப்புக்கு ஈடு இல்லை. இதை எழுதிக் கொடுத்துவிடுங்கள். கர்நாடக சங்கீதக் கச்சேரிக்கு வாங்கும் தொகை ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் போகாதவரை ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. தனிநபராக இசை கற்பிப்பதற்கும் விலக்கு உண்டு. வருமான வரி வேறு விஷயம். சபை பிடித்த வரிக்கான சான்றிதழைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள், ஆண்டு முடிவில் ஆடிட்டர் கேட்பார். வசதி இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பில் ஒரு இடம் எப்போதும் ஒதுக்கி வைத்திருக்கிறேன். எந்தக் குடும்பத்திடமும் வருமானச் சான்று கேட்டதில்லை.

வகுப்பு வருமானம்தான் வாடகை கட்டும், கச்சேரி வருமானம் ஒழுங்காக வராது என்பதை ஏற்றுக்கொண்டு திட்டமிடுங்கள். ராமநவமி மாதத்தில் வகுப்புகளைப் பாதியாகக் குறைப்பதற்கு மற்ற பதினோரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைக்க வேண்டும். என் மிருதங்கக்காரர் இப்போதும் ஒவ்வொரு மார்ச்சிலும் தொலைபேசியில் முதலில் கேட்பது அதே கேள்விதான். "இரண்டு நாளாக வகுப்பு இல்லை, அண்ணா" என்று சொன்ன பிறகுதான் சுருதியைக் கேட்கிறார்.